குனிஞ்சு நடுறவளுக்கு நிலா தெரியுமா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் போறது எதையாவது வாங்கணும்னு இல்ல. பம்மல்ல இருந்து கிளம்பினா பொடிநடை தூரம். பழைய டிரங்க் ரோட்டுல செடி, கோழி, கருவாடு, ஓடாத மிக்ஸி, ஓடற தையல் மெஷின்னு எல்லாத்தையும் ஒரு சுத்து பார்த்துட்டு வந்தா மனசுக்கு ஒரு திருப்தி. போன வாரம் பழைய புஸ்தகக் குவியல்ல ஒரு பாட்டுப் புத்தகம் கிடைச்சது. அட்டை கிழிஞ்சு போச்சு. உள்ளே கதைச் சுருக்கம், வழக்கம்போல பாதியில நிறுத்தி "மீதியை வெள்ளித்திரையில் காண்க". அதுக்கப்புறம் பாட்டு வரிசை. 'மக்களைப் பெற்ற மகராசி', 1957. கடைக்காரர் நாப்பது ரூபா சொன்னார், நான் பேரம் பேசலை. இதுக்கெல்லாம் பேரம் பேசினா பாவம்.

வீட்டுக்கு வந்து மருதகாசியோட உழவுப் பாட்டைப் படிச்சதும் தலைக்கு மேல கொசுவர்த்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. இந்தப் பதிவு அந்தக் கொசுவர்த்தியோட புகைதான். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

2004-ல எனக்கும் ஒரு கவிஞர் ஆசை வந்தது. (சிரிக்காதீங்க, அந்த வருஷம் உங்களுக்கும் வந்திருக்கும்.) ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சொந்தக் காசுல கிராமத்துப் பாட்டு கேசட் போடப் போறதாச் சொல்லி, ஒரு மெட்டை ஹம் பண்ணிக் கொடுத்து, "நடவுப் பாட்டு மாதிரி ஒண்ணு எழுதுங்க"ன்னார். ஒரே ராத்திரியில முடிச்சுட்டேன். பல்லவி இது:

வெள்ளி நிலாப் பார்த்து நாத்து நடும் பொண்ணே
வெக்கத்துல செவந்ததென்ன கண்ணே

மறுநாள் காலையில அம்மாகிட்ட ரொம்பப் பெருமையாப் பாடிக் காட்டினேன். அம்மாவுக்கு ஊர் மன்னார்குடி பக்கம். கல்யாணமாகி இங்க வர்ற வரைக்கும் நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாத்துக்கும் போனவங்க. அப்பாவுக்கு இங்க தோல் கம்பெனியில வேலை, அதனால பம்மல். அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டே கேட்டாங்க. முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி.

"ஏந் தம்பி, குனிஞ்சு நடுறவளுக்கு நிலா எப்படிடா தெரியும்?"

நான் ஏதோ கற்பனை, கவிதை நயம்னு இழுத்தேன். அவங்க விடலை. நடவு ராத்திரியில நடக்காதாம். சரி, அதை விடு. நடுறவளுக்குத் தெரியறது சேறு, தன்னோட விரல், நாத்து முடி, பக்கத்துல நடுறவளோட கொலுசு. அவ்வளவுதான். அதோட நடவுன்னா முன்னால நடக்கறது இல்ல, பின்னால பின்னால போறது. கண்ணு முன்னாடி இருக்கறதெல்லாம் நட்டு முடிச்சது, நட வேண்டியது முதுகுக்குப் பின்னால. "நீ எழுதினவ வரப்புல நின்னு வேடிக்கை பாக்குறவ. அவ எதுக்குப் பாடுறா? யாருகிட்டப் பாடுறா?"

கீரை ஆய்ஞ்சு முடிஞ்சது. என் பாட்டும் முடிஞ்சது. கேசட்டும் வரலைங்கறது வேற கதை.

'அப்ப நிஜ நடவுப் பாட்டு ஒண்ணு பாடும்மா'ன்னு கேட்டேன். ரெண்டு அடி பாடினாங்க. அதுக்கு மேல வரலை. கண்ணை மூடி, கையை முன்னால நீட்டி, நாத்தை வைக்கிற மாதிரி ரெண்டு தடவை அசைச்சுப் பார்த்தாங்க. மறுபடி ஒரு அடி வந்தது. "உக்காந்துக்கிட்டுப் பாடினா வராதுடா. குனிஞ்சாத்தான் வரும். இடுப்பு இப்பக் குனிய விடாது." ஒப்பாரியும் கேட்டேன். "நல்ல நாளும் அதுவுமா வீட்டுல அதைப் பாடச் சொல்றியே"ன்னு திட்டு விழுந்தது.

அதுக்கப்புறம் கிராமத்துப் பாட்டு எதைக் கேட்டாலும் அம்மாவோட கேள்விகளை வச்சு உரசிப் பார்க்கறது எனக்குப் பழக்கமாயிடுச்சு. யார் பாடுறா, யாருகிட்ட, அப்ப அவ கை என்ன செஞ்சுக்கிட்டு இருக்கு? இப்படி உரசிக்கிட்டே போனதுல தமிழ்ப் பாட்டு வரலாறு கொஞ்சம் வேற மாதிரி தெரிஞ்சது. அதைத்தான் சொல்லப் போறேன்.

கிராமத்துப் பாட்டைப் பத்தி ஒரு பெரிய பாட்டுக்காரன் மண்டையைக் குழப்பிக்கிட்ட முதல் கதை நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். கம்பர் ஒரு சாயங்காலம் வயல் பக்கமா வர்றார். ஏத்தம் இறைக்கிறவன் மூங்கில் இலையில உறங்குற பனியைப் பத்தி ஒரு அடி பாடிட்டு, பொழுது சாஞ்சதும் வேலையை நிறுத்திட்டுப் போயிடறான். அடுத்த அடி என்னவா இருக்கும்னு கம்பர் ராத்திரி பூரா யோசிச்சும் வரலை. விடிஞ்சதும் அதே இடத்துல வந்து நிக்கிறார். ஏத்தக்காரன் வந்து, அந்தப் பனியைச் சூரியன் வந்து எடுத்துக்கறதாப் பாடி முடிக்கிறான். வெறும் கதைதான், வரலாறு இல்ல. ஆனா கதை கட்டினவன் பாட்டு தெரிஞ்ச ஆளு. ஏத்தப் பாட்டுல ஒவ்வொரு அடியும் ஒரு சால் தண்ணிக்கான அளவு, கணக்கு வைக்கவும் அதுதான் வழி. சால் மேல வரும்போது அடி முடியணும். அந்த ஆளு நிறுத்தினது கவித்துவமான மௌனம் ஒண்ணும் இல்ல, அன்னிக்கு வேலை முடிஞ்சது, அவ்வளவுதான். காலையில அவன் கண்ணுக்கு நேரா சூரியன் வந்தது, பாட்டும் வந்தது. கம்பர் ராத்திரியில வீட்டுக்குள்ள உட்கார்ந்து யோசிச்சார், எங்க வரும்? நான் நிலாவை எழுதின மாதிரிதான்.

இந்தப் பாட்டுகளை ஏட்டுல ஏத்தணும்னு ரொம்ப நாள் நம்மாளுங்களுக்குத் தோணலை. 1871-ல சார்லஸ் கோவர்னு ஒரு வெள்ளைக்காரர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் பத்தி ஒரு புஸ்தகம் போட்டார். கன்னடம், படகர், குடகு, தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாம் இருக்கு. கூடவே திருக்குறளுக்கும் ஒரு பகுதி! நம்ம வாத்தியார்கள் பார்த்திருந்தா பிரம்பை எடுத்திருப்பாங்க. அடுத்து ஐ.சி.எஸ். அதிகாரி பெர்சி மாக்வீன் சேர்த்து வச்சிருந்த பாட்டுகளை கி.வா.ஜகந்நாதன் பதிப்பிச்சு, தஞ்சை சரசுவதி மகால் 1958-ல 'மலையருவி'ன்னு வெளியிட்டது. நா.வானமாமலை 1960-ல 'தமிழ்நாட்டுப் பாமரர் பாடல்கள்', 1964-ல 'தமிழர் நாட்டுப் பாடல்கள்'னு கொண்டு வந்தார். வானமாமலை பெரிய காரியம் பண்ணினவர், அவர் பாட்டை மட்டும் பார்க்கலை, பாடறவங்களோட வாழ்க்கையையும் சேர்த்துப் பார்த்தார். இருந்தாலும் அச்சுல படிக்கும்போது எனக்கு ஏதோ ஒண்ணு குறையும். இப்ப காரணம் தெரியுது. அம்மா கையை நீட்டி அசைச்சாங்களே, அது புஸ்தகத்துல வராது.

இங்க பம்மல்காரனா ஒரு சின்ன விலகல். நாடகமும் பாட்டும்னு பேச ஆரம்பிச்சா எங்க ஊர்ப் பேரைத் தாண்டிப் போக முடியாது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல சுகுண விலாச சபையை ஆரம்பிச்சார். பெல்லாரியில இருந்து வந்த தெலுங்கு நாடகக் குழு நடிச்சதைப் பார்த்துட்டுத்தான் அவருக்குத் தமிழ்ல நாடகம் போடற வேகமே வந்தது. அதுவரைக்கும் நம்ம மேடையில எதுக்கெடுத்தாலும் பாட்டுத்தான். கோபம் வந்தா பாட்டு, கும்பிட்டா பாட்டு. அவர் பாட்டைக் குறைச்சு வசனத்தை முன்னால கொண்டு வந்தார். அந்தப் பக்கம் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டாலேயே மேடையைக் கட்டிக்கிட்டு இருந்தார். படிச்சவங்க சம்பந்த முதலியார் பக்கம் போனாங்க. பாட்டு சுவாமிகள் வழியில வந்த கம்பெனி நாடகங்கள்லயே தங்கிடுச்சு. பேசும் படம் வந்தப்ப சினிமாவுக்கு வேணும்ங்கற பாட்டு ஆசிரியர்கள் கிடைச்சது அந்தக் கம்பெனி நாடக மேடையில இருந்துதான். பாட்டைக் குறைச்ச மனுஷனோட ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு நான் பாட்டைப் பத்தி எழுதறேன். முதலியார் மன்னிப்பாராக :-)

அப்படி வந்தவங்கள்ல உடுமலை நாராயண கவி (1899–1981) ஒருத்தர், மருதகாசி (1920–1989) ஒருத்தர். நாடக மேடை கத்துக் கொடுத்தது ஒரு முக்கியமான பாடம்: முன்னால உட்கார்ந்திருக்கிறவனுக்கு முதல் தடவை கேக்கும்போதே புரியணும். கடைசி வரிசையில பாய் விரிச்சு உட்கார்ந்தவனுக்கும் சேர்த்து. புரியலைன்னா விசில், சில ஊர்ல அதுக்கு மேலயும்.

சந்தையில கிடைச்ச புத்தகத்துல இருக்கற அந்த உழவுப் பாட்டுக்கு வர்றேன். கே.வி.மகாதேவன் இசை, டி.எம்.எஸ். குரல், திரையில கொங்குத் தமிழ் பேசற சிவாஜி. அந்தப் பாட்டை இப்ப வார்த்தை வார்த்தையாப் பாருங்க. அதுல உவமையே கிடையாது. காதல் இல்ல, நிலா இல்ல, இயற்கை வர்ணனை இல்ல. மாடு மணப்பாறையில இருந்து, ஏர் மாயவரத்துல இருந்து, விதை நெல்லு ஆத்தூர்ல இருந்து, அறுக்க மதுரைப் பக்கத்து ஆளு, விக்கறதுக்குப் பொள்ளாச்சிச் சந்தை, வாங்கறது விருதுநகர் வியாபாரி. கடைசியில பணத்தை எண்ணி அம்மா கையில கொடுக்கணும். உழவுல ஆரம்பிச்சு வீட்டுச் செலவு வரைக்கும் ஒரு போகத்தோட முழுக்கணக்கு. எல்லா வாக்கியமும் 'இதைச் செய், அதைச் செய்'னு சின்னப் பையனுக்குச் சொல்ற மாதிரிதான் இருக்கு. 

மணப்பாறை மாடுன்னா என்னன்னு அப்பக் கேட்ட ஒவ்வொரு சம்சாரிக்கும் தெரியும். சொல்லுக்குப் பின்னால சந்தையில தாம்புக்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு விலை பேசின அனுபவம் இருக்கு. அதனால கவிஞர் வர்ணிக்கவே வேண்டியதில்லை, பேரைச் சொன்னாப் போதும். 'கம்பீரமான காளை'ன்னு எழுதியிருந்தா அந்தப் பாட்டு அந்த வருஷமே செத்திருக்கும். அம்மாகிட்ட இந்தப் பாட்டைப் பத்திக் கேட்டப்ப, "ஒரு வெள்ளாமைக்கு இத்தனை ஊரு சுத்துனா வண்டிச் சத்தமே வித்த பணத்தை முழுங்கிடும்"னாங்க. ஆனா பாட்டு பிடிக்கும். சொல்றவன் வேலை தெரிஞ்சவன்னு ஒத்துக்கிட்டாங்க, அவங்ககிட்ட இருந்து அதுவே பெரிய விருது.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் விஷயம் இன்னும் ஆழம். 1930-ல செங்கப்படுத்தான்காட்டுல பிறந்தார். சினிமாவுக்கு வர்றதுக்குள்ள அவர் பார்த்த வேலைகளைப் பட்டியல் போட்டா பதினேழு வரும்பாங்க: உழவு, மாடு மேய்க்கிறது, மாட்டு வியாபாரம், மாம்பழம், இட்லி, முறுக்கு, தேங்காய், கீத்து வியாபாரம், மீன் நண்டு பிடிக்கிறது, உப்பளம், தண்ணி வண்டி, நாடகம்னு. பதினேழான்னு எண்ணிச் சண்டை போட வேண்டாம். அவர் பாட்டைக் கேட்டாலே அந்தக் கை எதையெல்லாம் தொட்டிருக்குன்னு தெரியும். 1958-ல வந்த 'நாடோடி மன்னன்'ல ஒரு பெண் கேட்க, ஆண் பதில் சொல்ற பாட்டு இருக்கு. விளையுது, ஆனா நமக்கு என்ன மிச்சம்னு அவ கேக்கறா. அவன் சமாதானமும் நம்பிக்கையும் சொல்றான். அவ விடாம மறுபடி மறுபடி கேக்கறா. நிலவுடைமை, கூலி, சுரண்டல்னு மேடையில ரெண்டு மணி நேரம் பேசற சமாச்சாரம். அவர் கம்யூனிஸ்ட், அதைப் பேசவும் தெரிஞ்சவர். ஆனா பாட்டுல அது புருஷன் பொண்டாட்டிக்குள்ள நடக்கற பேச்சு. பொண்டாட்டி கேக்கற கேள்விக்குப் புருஷனால சிரிச்சு மழுப்ப முடியாது. யாருகிட்டப் பாடுறாங்கறதை அவர் சரியாத் தேர்ந்தெடுத்துட்டார், பாதி வேலை அங்கேயே முடிஞ்சது. இன்னிக்கு 'மச்சான்'ங்கற சொல்லை எடுத்துட்டா இடிஞ்சு விழற குத்துப்பாட்டு எத்தனை இருக்கு? அதுல மச்சான் யாருன்னே தெரியாது. சும்மா கூப்பிடுவாங்க, அவரும் வந்துடுவார்.

1959 அக்டோபர்ல கல்யாணசுந்தரம் போயிட்டார், வயசு 29. அமெரிக்காவோட கிராமத்துப் பாட்டுக்கு, அதான் 'கன்ட்ரி' பாட்டுக்கு, முன்னோடின்னு சொல்ற ஹாங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு அன்னிக்குச் செத்தப்ப அவருக்கும் 29 தான். ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல. ஆனா ஒரு விஷயத்துல ஒத்துப் போவாங்கன்னு நினைக்கிறேன். அந்த ஊர்ப் பாட்டுக்காரர் ஹார்லன் ஹோவர்ட், மூணு கார்டும் உண்மையும் இருந்தா கன்ட்ரி பாட்டு வந்துடும்னு சொன்னதா ரொம்பப் பிரபலம். நாஷ்வில்ல 'புளூபேர்ட் கஃபே'ன்னு ஒரு சின்ன ஓட்டல், 1982-ல ஆரம்பிச்சது. அங்க பாட்டு எழுதினவங்களே நடுவுல வட்டமா உட்கார்ந்து, பாட்டையும் பாடி, அது எப்படி வந்ததுன்னும் சொல்வாங்க. நம்ம ஊர்ல இப்படி ஒரு வட்டம் போட்டு, ஒரு பக்கம் உடுமலை, ஒரு பக்கம் மருதகாசி, எதிர்ல கல்யாணசுந்தரம், நடுவுல எங்க அம்மாவையும் உட்கார வச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்! பாதிப் பேர் பாட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிருப்பாங்க.

நம்ம பாட்டுக்காரங்க கூடிப் பேசினா கடைசியில வந்து நிக்கற சண்டை ஒண்ணு இருக்கு: மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா? இசையமைப்பாளர் 'தன்னானா'ன்னு தத்தகாரம் போட்டுக் கொடுக்க, கவிஞர் அதுக்குள்ள வார்த்தையைத் திணிக்கறது, அதனால தமிழ் கெட்டுப் போச்சுன்னு ஒரு புலம்பல் காலங்காலமா ஓடுது. நானும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். கண்ணதாசன், எம்.எஸ்.வி. கூட்டணியில மெட்டு முன்னால வந்து வார்த்தை பின்னால விழுந்த பாட்டுகளே எவ்வளவு இருக்குன்னு பார்த்தா அந்தப் புலம்பல் பாதி அடிபட்டுப் போகும். மீதிப் பாதியை அடிச்சது எங்க அம்மா. நடவுப் பாட்டுக்கு மெட்டு எப்பவும் பழசு. ஊருக்கு நாலஞ்சு மெட்டுதான். வார்த்தைதான் அன்னன்னிக்குப் புதுசு. இன்னிக்குக் கூலி குறைச்சா அது பாட்டுல வரும், கங்காணி வழுக்கி விழுந்தா அதுவும் வரும். அப்படின்னா நாட்டுப்பாட்டு மொத்தமும் மெட்டுக்குப் பாட்டுதான்! முன்னால ஒருத்தி பாட, மத்தவங்க பின்பாட்டு பாடற நேரத்துல அவ அடுத்த அடியை யோசிச்சுக்குவா. அந்த இடைவெளிதான் அவளோட ரூம் போட்டு யோசிக்கிற ரூம். மெட்டு அவளைக் கட்டிப் போடலை, தாங்கிப் பிடிக்குது.

இதை நல்லாப் புரிஞ்சு வச்சிருந்தவங்க பண்ணைபுரத்து அண்ணன் தம்பிங்க. மூத்தவர் பாவலர் வரதராசன் ஜனங்களுக்குத் தெரிஞ்ச மெட்டுல கட்சிப் பாட்டு கட்டி ஊர் ஊராப் பாடினவர். 1958-ல கேரளாவில தேவிகுளம் இடைத்தேர்தல்ல அவர் பாட்டு தோட்டத் தொழிலாளிகள்கிட்ட என்ன வேலை செஞ்சதுன்னு இன்னிக்கும் பேசறாங்க. அந்த மேடையில கூடவே போய்க் கத்துக்கிட்ட தம்பி 1976-ல 'அன்னக்கிளி'யில இளையராஜாவா வந்தார். அந்தப் படத்துக்குப் பாட்டு பூரா பஞ்சு அருணாசலம், அவர் கண்ணதாசனோட அண்ணன் மகன், உதவியாளரா இருந்தவர். அடுத்த வருஷம் '16 வயதினிலே'. அதுல கடைசித் தம்பி கங்கை அமரன் பாட்டு எழுத வந்து, அவர் எழுதினதைப் பாடின எஸ்.ஜானகிக்குத் தேசிய விருதும் வந்தது. அதுக்கப்புறம் பத்து வருஷம் தமிழ் சினிமா கிராமத்தை விட்டு நகரலை. நல்லதும் வந்தது, குப்பையும் வந்தது. கம்மங்கூழு, கண்டாங்கி, ஆத்தா, அய்யனாருன்னு ஒரு சாமான் பெட்டி உருவாச்சு. பெட்டியைத் திறந்து கொட்டினா கிராமத்துப் பாட்டு ரெடி. என் 2004 பாட்டும் அந்தப் பெட்டியில இருந்து எடுத்ததுதான், மறுக்கலை.

பெட்டிக்குள்ள இருக்கற சொல்லே வேற மாதிரி உயிரோட வரவும் முடியும். 1994-ல 'கருத்தம்மா'. ஊரை விட்டுப் போற பொண்ணைப் பத்தின பாட்டு. எழுதின வைரமுத்து, பாடின சொர்ணலதா, ரெண்டு பேருக்குமே தேசிய விருது. அதுல அவ எதையெல்லாம் விட்டுட்டுப் போறான்னு வரும். கறவை மாடு, பஞ்சாரத்துல கவுத்த கோழி. இதுவும் கிராமத்துச் சாமான்தானே? வித்தியாசம் என்னன்னா, அந்த மாட்டுல பால் பீச்சினது அவ கை, அந்தப் பஞ்சாரத்தைக் கவுத்தது அவ கை. நாளைக்குச் சாயங்காலம் யாரு கவுப்பாங்கற கேள்வி அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. அம்மா இந்தப் பாட்டு டிவியில வந்தா எழுந்து அடுப்படிக்குப் போயிடுவாங்க. ஏன்னு நான் கேட்டதில்லை.

இவ்வளவு பேரைச் சொன்னேன். எல்லாரும் கையெழுத்துப் போடத் தெரிஞ்ச ஆம்பளைங்க. பாட்டை நிஜமா வச்சிருந்தது பொம்பளைங்க. கொல்லங்குடி கருப்பாயி பள்ளிக்கூடம் போகாதவங்க, தானே கட்டித் தானே பாடினவங்க, வானொலியில பாடி, 1985-ல 'ஆண்பாவம்' படம் மூலமா ஊருக்கெல்லாம் தெரிஞ்சாங்க. 2025 ஜூன்ல 99 வயசுல காலமானாங்க. அவங்களுக்காவது பேரு நின்னுச்சு. 2012-ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினப்ப, படத்துக்குப் பாட்டு எழுதினவங்களுக்கும் ராயல்டியில பங்கு உண்டுன்னு உறுதி செஞ்சாங்க. நல்ல விஷயம், சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் பாட்டுக்கு மூலமா இருந்த நடவுக்காரிக்கு எந்தப் பாரம்? 2021-ல 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தப்ப, எழுதிப் பாடின அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டி சொன்ன கதைகள்ல இருந்து வந்ததுன்னு சொன்னார். உலகமே பாடிச்சு. அப்புறம் அந்தப் பாட்டுல யாருக்கு என்ன பங்குன்னு 2022-ல பொதுவெளியில பெரிய வாக்குவாதம். நான் பஞ்சாயத்துக்குப் போகலை. ஆனா அவ்வளவு புகழ்பெற்ற பாட்டுக்கே பேர் போடறதுல இத்தனை சிக்கல்னா, எங்க அம்மாவோட நாலஞ்சு மெட்டுக்கு?

போன தடவை மன்னார்குடி போனப்ப வயல்ல நடவு நடந்துக்கிட்டு இருந்தது. நட்டது மேற்கு வங்கத்துப் பையன்கள். வரிசையா, வேகமா, ஆம்பளைங்களே நடறாங்க. ஒருத்தன் சட்டைப் பாக்கெட்டுல செல்போன், அதுல ஏதோ வங்காளிப் பாட்டு. பின்னால பின்னால போய்க்கிட்டே கூடப் பாடினான். ஒரு வார்த்தை புரியலை எனக்கு. ஆனா கை வைக்கிற இடத்துல தாளம் விழுந்தது.

அம்மா 2011-ல போயிட்டாங்க. பம்மல் வீட்டுலதான். மன்னார்குடியில இருந்து சித்தி விடியக்காலையில வந்து சேர்ந்தாங்க. தெருவுல இருந்தே குரல் எடுத்துட்டாங்க. அதே பழைய மெட்டு, சின்ன வயசுல ஊர்ச் சாவுல நான் கேட்ட மெட்டு. நான் எதிர்பார்த்தது தங்கத் தேரு, பொன்னூஞ்சல்னு வழக்கமா வர்றது. அதுவும் வந்தது. ஆனா நடுவுல வந்தது வேற. ஆத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த அக்கா தோல் நாத்தம் அடிக்கிற ஊருக்கு வாக்கப்பட்டு வந்தது, கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாதது, தண்ணி லாரி ஹார்ன் சத்தம் கேட்டா போட்டது போட்டபடி பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினது, வரிசையில ஏழு குடம் வச்சு ரெண்டு குடத்தோட திரும்பி வந்தது. சித்தி அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு மொத்தமா மூணு நாலு தடவைதான் வந்திருப்பாங்க. எப்பப் பார்த்து வச்சாங்களோ. தெருப் பொம்பளைங்க, காவேரியைக் கண்ணால பார்க்காதவங்க, அந்த லாரி வந்த இடத்துலதான் உடைஞ்சு அழுதாங்க. அவங்களும் அதே வரிசையில குடம் வச்சவங்க.

அந்த நேரத்துலயும் எனக்குப் புத்தி போச்சு பாருங்க, சட்டைப் பையில பேனாவைத் தேடினேன். அப்புறம் கையை எடுத்துட்டேன்.

கருமாதி முடிஞ்சு சித்தி ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு, தாம்பரத்துல ரயிலுக்குக் காத்திருக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சித்தி, அன்னிக்கு நீங்க பாடினதை ஒரு தடவை சொல்றீங்களா? எழுதி வச்சுக்கறேன்."

"அன்னிக்கு என்ன பாடுனேன் தம்பி? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே. அக்காவைப் பாத்தேன், வந்துச்சு."

ரயில் போனப்புறம் பிளாட்பாரம் பெஞ்சுல உட்கார்ந்து எனக்கு நினைவு இருந்ததை எழுதினேன். அந்த நோட்டு இப்பவும் இருக்கு. 'தண்ணி லாரி', 'ஏழு குடம்', அப்புறம் பாதியில நின்ன ஒரு அடி. அடுத்த பக்கம் காலி.